ரா. சி. டேரேயும் மராத்திய நாட்டார் நிகழ்த்துகலைகளும்: முக்கியக் குறிப்புகள்

வாழ்க்கை
- முழுப்பெயர்: ராமச்சந்திர சிந்தாமண் டேரே
- பிறப்பு: 21 ஜூலை 1930. மறைவு: 1 ஜூலை 2016
- துறைகள்: நாட்டார் வழக்காற்றியல், சமய வரலாறு
- நூல்கள்: 100-க்கும் மேல்
- ஆய்வு முறை: தலபுராணம், கல்வெட்டு, வாய்மொழிப் பாடல், சடங்கு ஆகியவற்றின் ஒப்பாய்வு
- மகள்: எழுத்தாளர் அருணா டேரே

முதன்மை நூல்கள்
- கண்டோபா (1961): ஜெஜுரித் தெய்வம் பற்றியது
- மராத்தி லோகசம்ஸ்கிருதிசே உபாசக் (1964): வழிபாட்டுக் கலைஞர்கள் பற்றியது
- லஜ்ஜாகௌரி (1978): தலையற்ற வளமைத் தாய்த்தெய்வம் பற்றியது
- ஸ்ரீ விட்டல்: ஏக் மகாசமன்வய (1984): சாகித்திய அகாதெமி விருது, 1987
- 'மகாசமன்வய': பெரும் ஒருங்கிணைவு
- நூலின் மையக் கருத்து: பண்டரிபுரம் விட்டலர் முதலில் ஆயர்குடித் தெய்வம், பின்னரே வைணவப் பெருந்தெய்வம்
- ஆங்கில மொழிபெயர்ப்பு: அன்னே ஃபெல்தவுஸ், 2011

உபாசகர்: சொல்லும் பொருளும்
- உபாசகர்: தெய்வத்தை அணுகி வழிபடுவோர்
- 1964 நூல் தலைப்பின் திறவுச்சொல். கலைஞர் வழிபடுவோராகவே குறிக்கப்படுதல்
- விளைவு: பாட்டு, வேடம், கருவி மூன்றும் வழிபாட்டின் உறுப்புகள், தனியே பிரித்தால் பொருள் முழுமையன்று

உபாசகர் வகைகள்
- கோந்தளி: துளஜாபவானி, ரேணுகா ஆகியோரின் பாடகர், கழுத்தில் சோழி மாலை
- வாக்யா: கண்டோபாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஆண், மஞ்சள்பொடிப் பை
- முரளி: கண்டோபாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண், கையில் மணி
- வாசுதேவ்: மயிற்பீலிக் கூம்புத் தொப்பி, விடியற்காலை வீடுவீடாகப் பாடல்
- போத்ராஜ்: மரியாயி தெய்வத்தின் அடியார், நீள்முடி, சாட்டை
- போத்ராஜ் – தெலுங்குப் போத்துராஜு – தமிழகத் திரௌபதி அம்மன் கோயில்களின் போத்துராஜா: பெயர் ஒப்புமை

கோந்தள் நிகழ்த்து முறை
- கோந்தள்: கோந்தளிகள் தேவிக்கு நிகழ்த்தும் வழிபாட்டு நிகழ்ச்சி
- இடம்: வீடு, சூழல்: திருமணம் முதலான மங்கல நிகழ்வுகளுக்குப் பின்
- நேரம்: இரவு
- அமைப்பு: பலகை, புதுத்துணி, தானியக் குவியல், நீர்க்கலசம், வெற்றிலை, தேங்காய்
- ஒளி: திவட்டி (எண்ணெய்ப் பந்தம்), தேவியின் அடையாளம்
- சம்பள்: இடுப்பில் கட்டிக் குச்சிகளால் அடிக்கும் இணைமுழவு
- துண்டுணே: ஒற்றை நரம்புச் சுருதிக் கருவி
- தொடக்கம்: பல ஊர்த் தெய்வங்களைப் பெயர் சொல்லி அழைத்தல், தொடர்ச்சி: கதைப்பாடல்

பிற நிகழ்த்துகலைகள்
- பாரூட்: உருவகப் பாடல், ஏகநாதரால் (1533–1599) புகழ்பெற்றது, பேசுவோர் கோந்தளி, வாசுதேவ் முதலிய வேடத்தார்
- போவாடா: வீரக் கதைப்பாடல்; பாடுவோர் ஷாஹீர்
- பழைய போவாடா: அக்னிதாஸின் அஃப்சல்கான் வதம் (நிகழ்வு 1659)
- ஜோதிராவ் புலேயின் சிவாஜி போவாடா: 1869
- லாவணி: தோல்கி தாளத்தில் பாடலும் ஆடலும், பேஷ்வா காலக் கவிஞர்கள் ராம்ஜோஷி, ஹோனாஜி பாளா, அனந்தஃபந்தி, பிரபாகர்
- தமாஷா (நாட்டார் அரங்கக் கலை) வரிசை: கண் (கணபதி வணக்கம்), கவளண் (கண்ணன்–ஆய்ச்சியர் காட்சி), பதாவணி (நகைச்சுவை உரையாடல்), வக் (நாடகக் கதை)
- தமாஷா வேடங்கள்: சோங்காட்யா (கோமாளி), மாவ்ஷி (பெண்வேட ஆண்)
- தசாவதாரம்: கொங்கண் பகுதி நாட்டார் நாடகம், தொடக்கத்தில் சங்காசுரன் வருகை
- சித்திரகதி: படம் காட்டிக் கதை சொல்லுதல், ஊர் பிங்குளி, சிந்துதுர்க் மாவட்டம், பரசுராம் கங்காவணே, பத்மஸ்ரீ 2021

தஞ்சைத் தொடர்பு
- தஞ்சை மராத்தியர் ஆட்சி: 1676–1855
- இரண்டாம் ஷாஜி (1684–1712): மராத்தி நாடகங்கள் இயற்றியவர், 'லட்சுமி நாராயண கல்யாணம்'
- சுவடிகள்: சரசுவதி மகால் நூலகம், தஞ்சாவூர்
- மராத்தியக் கீர்த்தன மரபு: தஞ்சை ஹரிகதை வடிவின் ஊற்று, முன்னோடி தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர்
- மகாராட்டிர மண்ணில் நாடகத் தொடக்கம்: விஷ்ணுதாஸ் பாவே, 'சீதா சுயம்வரம்', சாங்லி, 1843

துறையின் பிற ஆய்வாளர்கள்
- துர்கா பாகவத்: 'லோகசாகித்யாசி ரூபரேகா', 'பைஸ்' நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது, 1971
- சரோஜினி பாபர்: மகாராட்டிர அரசு நாட்டார் இலக்கியக் குழு வழிப் பாடல் தொகுப்புகள்
- அசோக் ரானடே (1937–2011): இனவரைவிசையியல், மும்பைப் பல்கலைக்கழக இசை மையம்
- குந்தர் சோந்தைமர் (1934–1992): ஜெர்மானியர், கண்டோபா, தங்கர் இடையர் ஆய்வு
- தாரா பவாள்கர் (பிறப்பு 1939): நாட்டார் அரங்கு, பெண் படிமம்

அகில பாரத மராத்தி இலக்கிய மாநாடு
- முதல் மாநாடு: புணே, 1878, தலைவர் ம. கோ. ரானடே
- முதல் பெண் தலைவர்: குசுமாவதி தேஷ்பாண்டே, 1961
- 51-ஆவது: கராட், 1975, துர்கா பாகவத்
- 92-ஆவது: யவத்மாள், 2019, அருணா டேரே
- 98-ஆவது: புது தில்லி, 2025, தாரா பவாள்கர்


வேறுபடுத்தி அறிக
- கோந்தள்: தேவிக்கு. ஜாக்ரண் (இரவு விழித்திருந்து செய்யும் வழிபாட்டு நிகழ்ச்சி): கண்டோபாவுக்கு
- கோந்தளியின் முழவு: சம்பள். தமாஷாவின் முழவு: தோல்கி
- போவாடா: வீரம் முதன்மை. லாவணி: சிருங்காரம் முதன்மை
- கோந்தளி: உபாசகர். ஷாஹீர்: புலவர்-பாடகர்