திங்களின் வெண்பாறை

சுங்குடிச் சேலைக்குப் பேர்பெற்ற சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லை அடைந்து, பழனிச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் ஒட்டன்சத்திரத்தைக் காண்பர். அவ்வூர்க் காய்கறிச் சந்தையை அறியாதார் இலர். ஆயின், அப்பகுதியிலுள்ள ஒருவகைப் பாறையின் சிறப்பை அறிந்தவர் மிகச் சிலரே. அப்பாறையை நிலநூல் வல்லுநர் அனார்த்தோசைட்டு என்பர். இரவில் நாம் காணும் திங்களின் ஒளிமிகுந்த மேட்டுநிலங்களும் பெரும்பாலும் இவ்வினப் பாறையால் ஆனவையே. திங்களில் இப்பாறை பரவியது எங்ஙனம்?

1969ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அப்பல்லோ-11 கலத்தில் சென்றவருள் இருவர் திங்களில் இறங்கி, அங்கிருந்து மண்ணும் கல்லும் கொணர்ந்தனர். அவர்கள் இறங்கிய இடம் கரும்பாறைச் சமவெளி. ஆயினும், அம்மண்ணில் வெண்ணிறத் துகள்கள் சில கலந்திருந்தன. விண்கற்கள் மோதியபோது தொலைவிலுள்ள மேட்டுநிலங்களிலிருந்து சிதறி வந்தவை அவை என்று ஜான் வுட் முதலிய அறிஞர்கள் 1970இல் கருதினர். அத்துகள்களைக் கொண்டு ஒரு பெருங்கொள்கையையும் வகுத்தனர். 400 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், திங்கள் தோன்றிய காலத்தில், அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக்குழம்புக் கடலாய் இருந்தது என்பதே அக்கொள்கை.

விதைநெல்லை உப்புநீரில் இடும் உழவரைப் பார்த்திருப்பீர்கள். முற்றிய மணிகள் அடியில் தாழும். பதர் மேலே மிதக்கும். அதுபோலவே, அக்குழம்புக் கடல் ஆறுங்கால் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனமான படிகங்கள் கீழே தாழ்ந்தன. கால்சியமும் அலுமினியமும் மிகுந்த வெண்படிகங்கள் குழம்பினும் இலேசானவை ஆதலின் மேலே மிதந்து திரண்டு, திங்களின் மேலோடாக அமைந்தன.

இக்கொள்கை மெய்யாயின், திங்களின் எப்பகுதியிலும் இத்தகைய மேலோடு இருத்தல் வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால், திங்கள் முழுவதும் ஒரே பானைதானா என்பதன்றோ வினா? மனிதர் சென்று கல் எடுத்த இடங்கள் யாவும் நடுக்கோட்டை அடுத்த பகுதிகளிலேயே இருந்தன. தென்முனையை அடுத்த நிலத்தில் எவரும் பதம் பார்த்ததில்லை.

அதற்கு முயன்றது நம் நாடு. திங்களில் காற்றும் நீரும் இல்லாமையால் அங்குள்ள துகள்கள் தேய்ந்து மழுங்குவதில்லை. அத்தகைய மண்ணில் கலம் இறங்குமாற்றையும் சக்கரம் உருளுமாற்றையும் முன்னரே சோதித்தல் இன்றியமையாதது. இதற்கென நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் அனார்த்தோசைட்டுப் பாறையைப் பொடித்து, திங்களின் மண்ணை ஒத்த மண்ணை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ஆக்கினர். இப்பணியில் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலநூல் வல்லுநர் துணைநின்றனர். சித்தம்பூண்டிப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. அது தோன்றிய வரலாறு வேறாயினும், கால்சியம் மிகுந்திருத்தலால் திங்களின் பாறையைப் பெரிதும் ஒத்தது.

2019இல் சந்திரயான்-2இன் இறங்குகலம் தரையில் மோதிச் சிதைந்தது. அறிஞர்கள் மனந்தளர்ந்தாரல்லர். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராய் விளங்க, சந்திரயான்-3இன் விக்ரம் கலம் 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள், தெற்கே ஏறத்தாழ 69 பாகையில் இனிது இறங்கியது. அதிலிருந்து வெளிப்போந்த பிரக்யான் என்னும் சிறு ஊர்தி நூறு மீட்டர் அளவே உருண்டது. அவ்வழியில் 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அதிலிருந்த கருவி, மண்ணின்மீது கதிர்களைச் செலுத்தி, மீண்டெழும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதிலுள்ள தனிமங்களை அறிவது. அகமதாபாத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அதனை அமைத்தனர்.

2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. தெற்கிலும் மண் அனார்த்தோசைட்டு இனத்ததே; கொள்கை வலுப்பெற்றது. ஆயினும், மக்னீசியம் எதிர்பார்த்ததினும் சற்று மிகுந்திருந்தது. அதனை அறிஞர்கள் மறைத்தாரல்லர், காரணம் தேடினர். தென்முனை–எயிட்கன் என்னும் மாபெரும் பள்ளத்தை உண்டாக்கிய மோதலின்போது, ஆழத்திலிருந்த கனமான பாறைகள் மேலெறியப்பட்டுக் கலந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மாணவர்களே! கொள்கைக்கு ஏற்ற சான்றைப் போற்றுவது எளிது. ஏலாத சான்றையும் மதித்து ஆராய்வதே அறிவியல் நெறி. ஒரு கைப்பிடி மண்ணிலிருந்த வெண்துகள்களைக் குப்பையென ஒதுக்கியிருப்பின், திங்களின் பிறப்பு வரலாறு நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.