இரண்டு சீல் மாற்றியும் நிற்காத ஆயில்

கேள்வி: என்னிடம் டாடா 2515 லாரி இருக்கிறது. கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். கிராங்க் முன்சீலில் ஆயில் ஒழுகுகிறது என்று பட்டறையில் டைமிங் கவரைக் கழற்றி சீல் மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகல். இன்னொரு பட்டறையில் கவரைக் கழற்றாமலே, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி வேறு சீல் அடித்தார்கள். இப்போது முன்பைவிட மோசம். பெல்ட் நனைகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வருகிறது. ஓடிய வண்டி அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எஞ்சினை இறக்கிவிடலாமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். மூன்றாவது சீலையும் உடனே வாங்கிவிடாதீர்கள். போட்ட சீல் ஒரு மாதத்தில் ஒழுகினால், பெரும்பாலும் குற்றம் சீலில் இல்லை. அதை ஒழுகவைக்கும் காரணம் இன்னும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. அது என்னவாக இருக்கலாம் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே தடயங்கள் உள்ளன: கழற்றிய கவர், தடவிய கிரீஸ், மூடியில் வரும் புகை.

புகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் இரண்டு பட்டறையும் கண்டுகொள்ளவில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் சம்ப் பக்கம் இறங்குவது எல்லா டீசல் எஞ்சினிலும் உண்டு. அது பிரீத்தர் வழியாக வெளியேறிவிட வேண்டும். பிரீத்தர் குழாய் ஆயில் கசடும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தால், அல்லது மடங்கி நசுங்கியிருந்தால், உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிற்காது. ஆகவே முதலில் அந்தக் குழாயைக் கழற்றி, டீசலில் கழுவி, காற்று அடித்துப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று ஊற்றும் பழக்கம் லாரித் தொழிலில் நிறைய. கூடுதல் ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரையாக்கும், அதுவும் சீலுக்குத் தொல்லைதான்.

பிரீத்தர் சுத்தமாக இருந்தும் புகை குறையவில்லையா? எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலில் ஓடும்போது, ஆயில் மூடியைத் திருகாமல் தலைகீழாக அதன் வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் கவலையில்லை. தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம் மிகுதி. உடனே ரிங் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஏர் பிரேக் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருந்தால், அது அழுத்தும் காற்று அதன் ஆயில் வழியாகவே எஞ்சினுக்குள் வந்துவிடும். ஏர் டேங்க் நிரம்பி, ‘புஸ்’ என்று கட்-அவுட் ஆனதும் மூடியில் வரும் காற்று சட்டென்று குறைந்தால் கம்ப்ரஸரைச் சந்தேகியுங்கள். டர்போவின் சீல் தேய்ந்தாலும் இதே கதை. எஞ்சினை இறக்கச் சொல்பவர் இந்த இரண்டையும் பார்த்தாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒழுகுவது முன்சீல்தானா என்பதும் உறுதியாக வேண்டும். டைமிங் கவர் பேக்கிங், கம்ப்ரஸர் உட்காரும் இடம், பக்கவாட்டு டேப்பட் கவர், சம்ப் பேக்கிங்கின் முன்முனை, இவற்றில் எது கசிந்தாலும் ஆயில் கீழே இறங்கிப் புல்லியில் பட்டுச் சிதறும். ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவதால், முன்னால் கசிவதற்குப் பின்சீலைக் குறை சொல்பவர்களும் உண்டு. எஞ்சினின் முன்பக்கத்தை முழுக்கக் கழுவிக் காயவைத்து, சாதாரண முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்தால், முதலில் நனைந்த இடம் பவுடரில் கோடாகத் தெரியும்.

இனி கிரீஸ். ஸ்பிரிங் வைத்த பழைய ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவித்தான் ஏற்ற வேண்டும். மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய வழி அது. உங்கள் எஞ்சினுக்கு வரும் சீல் அந்த வகை அல்ல. அதன் உதடு டெஃப்லான், ஸ்பிரிங் கிடையாது. முதல் ஓட்டத்தில் தண்டின்மேல் உரசி, தன்னுடைய மெல்லிய படலம் ஒன்றை அங்கே படியவைத்து, அதன்பிறகுதான் அது அடைக்கத் தொடங்கும். இடையில் ஆயிலோ கிரீஸோ இருந்தால் அந்தப் படலம் படியாது. அதனால் உதடும் தண்டும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும் என்று கம்மின்ஸ் கையேடு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் இரண்டாவது சீல் தோற்றதற்கு இதுவே போதும். அக்கறையோடு தடவிய கிரீஸ்தான் வேலையைக் கெடுத்திருக்கிறது.

முதல் சீல் தோற்றது கவரால் இருக்கலாம். டைமிங் கவரைத் திரும்பப் பூட்டும்போது, சீல் உட்காரும் துளை கிராங்க் தண்டுக்கு நடுவாக வர வேண்டும். அதற்கென்று கருவி உண்டு. கண்மதிப்பில் போல்ட்டை இறுக்கினால் உதடு ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விலகும். கழற்றிய சீலை எடுத்து வைத்திருந்தால் உதட்டைச் சுற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால் காரணம் இதுதான். அப்படியானால் கவர் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி நடுவாக்காமல் அடுத்த சீலைத் தொட வேண்டாம்.

கவரைக் கழற்றும்படி ஆனால் ஒரு வேலை மறக்காமல் செய்யுங்கள். பழைய 12 வால்வு 5.9 எஞ்சின்களில் கியர் ஹவுசிங்கைப் பொருத்தும் சிறு டவல் பின் ஒன்று தளர்ந்து கியர்களுக்குள் விழுந்த சம்பவங்கள் உண்டு. விழுந்தால் கவர் உடையும், கியர் போகும். பின் வெளியே நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, நகராதபடி தடுப்புத் தகடு வைக்கச் சொல்லுங்கள்.

கவர் சரியாக இருந்தால் சீலை முன்னாலிருந்தே மாற்றலாம். ரேடியேட்டரைக் கழற்றி இடம் செய்துகொள்வது நல்லது. நெருக்கடியில் சாய்ந்த கையோடு அடித்த சீல் நேராக உட்காராது. பேட்டரி வயரை எடுத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, டேம்பர் புல்லியின் நான்கு போல்ட்டையும் கழற்றுங்கள். பழைய சீலின் முகத்தில் எதிரெதிராக 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, தகர ஸ்க்ரூ ஏற்றி, சறுக்குச் சுத்தியலால் மாறிமாறி இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் தண்டில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே ஆயில் வரும்.

சீல் வந்ததும் தண்டை நகத்தால் தடவுங்கள். உதடு ஓடிய இடத்தில் நகம் சிக்கினால் பள்ளம் விழுந்துவிட்டது. எமரித் தாளால் தேய்த்துப் பள்ளத்தை எடுக்க முடியாது. புதுக் கீறல்தான் சேரும். தண்டின்மேல் ஏற்றும் மெல்லிய எஃகு ஸ்லீவ் கிடைக்கிறது. எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவின் சுவர் 0.28 மி.மீ. தான், அதனால் அதே அளவு சீலே போதும். தடித்த ஸ்லீவோடு வரும் கிட் வாங்கினால், அதிலுள்ள சீலைத்தான் போட வேண்டும்.

புது சீலை அதன் பிளாஸ்டிக் வழிகாட்டியிலிருந்து முன்கூட்டியே எடுக்காதீர்கள். வழிகாட்டியோடு தண்டில் ஏற்றி, பிறகு அதை உருவுங்கள். வெளிவிளிம்பு ரப்பரானால் சோப்புத் தண்ணீர், வெறும் உலோகமானால் லாக்டைட் 277. கிட்டில் வரும் டிரைவரை வைத்து மேல், கீழ், இடம், வலம் என்று மாறிமாறித் தட்டி இறக்குங்கள். டெஃப்லான் உதடு தண்டைப் பிடித்து அமர நாலு மணி நேரமாவது கிராங்கைச் சுற்றாமல் விடுங்கள்.

டேம்பரைப் பூட்டுமுன் அதன் நடுப்பகுதியிலும் வெளிவளையத்திலும் உள்ள கோடுகளைப் பாருங்கள். 1.6 மி.மீ.க்குமேல் விலகியிருந்தால் உள்ளே ரப்பர் விட்டுவிட்டது. கிராங்கின் அதிர்வை அது தாங்காது, மாற்றிவிடுங்கள். போல்ட்டுகளுக்கு டார்க் ஸ்பேனரில் 125 நியூட்டன் மீட்டர். உங்கள் எஞ்சின் எண்ணுக்கான கையேட்டில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை எப்போது இறக்குவது? கம்ப்ரஸரும் டர்போவும் நன்றாக இருந்து, பிரீத்தர் சுத்தமாக இருந்து, அப்போதும் மூடி எகிறினால் ரிங்கும் சிலிண்டர் போரும்தான். சூடான எஞ்சினில் ஐடில் ஆயில் பிரஷர் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் மெயின் பேரிங்கையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். தண்டு ஆடினால் எந்த உதடும் அதோடு ஒட்டி ஓட முடியாது. அந்த நிலையில் சீல் வேலையைத் தனியாகச் செய்து காசைப் போக்காமல், எஞ்சின் வேலையோடு சேர்த்துச் செய்யுங்கள்.