சிறையாகிப் போன பள்ளி

பயணக் கட்டுரையை வாசித்திடுக.

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு கம்போடியாவுக்குச் சென்றோம். அங்கோர் வாட் கோயிலைக் காண நான் துடித்துக் கொண்டிருந்தேன். வரலாற்று ஆசிரியரான அப்பாவோ, "முதலில் தலைநகர் நோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம்," என்றார். விடுமுறையிலும் பள்ளியா என்று நான் முகம் சுளித்தேன். அம்மாவையும் தங்கையையும் விடுதியில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டோம்.

மூன்று மாடிக் கட்டடங்கள், நீண்ட நடைபாதைகள், நடுவே திடல். துவோல் ஸ்லெங் முதல் பார்வைக்கு, செலாயாங்கில் நான் படிக்கும் இடைநிலைப்பள்ளியைப் போலவே இருந்தது. உற்சாகத்தில் கைப்பேசியை உயர்த்தினேன். அருகில் ஓர் அறிவிப்புப் பலகை: சிரிக்கும் முகத்தின் மீது குறுக்குக் கோடு. கையைத் தாழ்த்தினேன்.

1975 ஏப்ரல் 17ஆம் நாள், போல் போட் தலைமையிலான கெமர் ரூஜ் என்னும் கம்யூனிச இயக்கம் நோம் பென்னைக் கைப்பற்றியது. நகர மக்கள் வயல்வெளிகளுக்கு விரட்டப்பட்டனர். பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, படித்தவர்கள் பகைவர்களாகக் கருதப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1.7 மில்லியன் மக்கள் பசி, நோய், கொலை ஆகியவற்றால் மாண்டனர்.

இந்தப் பள்ளியும் 'எஸ்-21' எனும் சிறையானது. வகுப்பறைகளைச் செங்கல்லாலும் பலகையாலும் தடுத்துச் சிற்றறைகள் கட்டினர். மாணவர்களின் உடற்பயிற்சிக்காக நடப்பட்ட மரச்சட்டத்தில் கைதிகளைத் தொங்கவிட்டனர். இங்கு அடைக்கப்பட்ட பல்லாயிரவரில் உயிர் பிழைத்தோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான வான் நாத், தாம் கண்ட கொடுமைகளை ஓவியங்களாகத் தீட்டினார்.

"இந்தச் சிறையின் தலைவர் முன்பு கணித ஆசிரியராக இருந்தவர்," என்றார் அப்பா. அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

கைதிகளின் நிழற்படங்கள் சுவர் முழுவதும் வரிசையாக இருந்தன. அவற்றுள் என் வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவள் நேராக என்னையே பார்ப்பதுபோல் தோன்றியது.

1979 ஜனவரி 7ஆம் நாள் அந்த ஆட்சி வீழ்ந்தது. மறு ஆண்டே இவ்விடம் அருங்காட்சியகமானது. 2025இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பள்ளி திறந்ததும் தோழர்கள் படங்களைக் கேட்டனர். அங்கோர் வாட் படங்களுக்கு முன்பாக, ஆளில்லாத ஒரு வகுப்பறையின் படத்தைக் காட்டினேன். "இது நம் பள்ளியா?" என்றான் ஒருவன். நான் சொல்லத் தொடங்கினேன்.

சிந்தித்துக் கூறுக:
1. கட்டுரையாளர் கைப்பேசியைத் தாழ்த்தியது ஏன்?
2. துயர நினைவிடங்களைப் பாதுகாப்பது அவசியமா? உன் கருத்தைக் கூறுக.