மிச்சமான நேரம் யாருக்கு?

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம் பேரூராட்சி. இந்தப் பக்கம் நிறையக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது ஏலக்காடுதான். விடிவதற்கு முன்பே தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, களை வெட்டி, இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். ஆக, அப்படிப்பட்ட வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்பது ராத்திரி இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். செல்போன் பற்றிய இந்தப் பாடத்தை அந்த இரண்டு மணி நேரத்தை வைத்தே படிப்போம். நீங்கள் வேறு ஊராக இருந்தாலும், வேறு வேலையாக இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஒரு வருமானச் சான்று வேண்டுமென்றால் முன்பு என்ன செய்தோம்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரைத் தேடி, பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு தாலுகா ஆபீஸ் என்று பஸ் ஏறி இறங்கினோம். "சார் இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. இப்போது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் பதிவாகிறது. அது எங்கே நிற்கிறது என்று உங்கள் செல்லுக்கே குறுஞ்செய்தி வருகிறது. மின் கட்டணம், கேஸ் பதிவு எல்லாம் உட்கார்ந்த இடத்தில் முடிகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டவர் கிடைக்கிற மேட்டில் நின்று, "பள்ளிக்கூடத்துல இருந்து வந்துட்டியா, சாப்பிட்டியா?" என்று பிள்ளையிடம் கேட்க முடிகிறதே, அது சின்ன விஷயமா?

இதெல்லாம் சேர்ந்து மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சமாகியிருக்கும். அந்த நேரம் வீட்டில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? யோசித்துப் பார்த்தால் பலருக்கும் பதில் கசக்கும். வரிசையில் நிற்காமல் சம்பாதித்ததை ரீல்ஸ் பார்த்தே செலவழித்திருப்போம்.

தொழில்நுட்பம் வந்தால் மனுசர் விலகித்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. பக்கத்தில் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தையே பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே வாய்விட்டு விலை கேட்பார்கள். 2007-இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இப்போது வியாபாரிகள் திரையைப் பார்த்து, பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள். 2021-இல் போடியையும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியையும் இணையம் வழியாகவே இணைத்தார்கள். ஆனாலும் மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறமும் பருமனும் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. கணக்கை மெஷினிடம் விட்டார்கள். காயைப் பார்ப்பதைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற இந்த வியாபாரப் புத்தி நம் வீட்டுக்கும் வேண்டும் என்பேன்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் மாநில எல்லை மூடியதும் மலைக்கு வேலைக்குப் போவது நின்றுபோனது. பிறகு போக வேண்டுமென்றால் இணையத்தில் பதிவு செய்து பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, ஸ்மார்ட்போனே இல்லாத ஒருவருக்கு, அந்தப் பாஸ் எப்படிக் கிடைத்திருக்கும்? கம்ப்யூட்டர் சென்டர்காரரோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தால்தான் உண்டு. எந்த இணையச் சேவைக்கும் கடைசியில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாயை, சில நிமிடம் முகத்தை அசைக்காமல் சும்மா வைத்திருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும்; அம்மாவை இழுக்க என்னவெல்லாம் முடியுமோ செய்து பார்க்கும்; பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கலங்கிப்போகும். தாய் எதிரிலேயேதான் இருக்கிறாள், முகம் மட்டும்தான் பதில் தரவில்லை. அப்போது செல்போன் கிடையாது. இன்று செல்லைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க அம்மாவைப் பார்க்காத பிள்ளை, இருட்டியபின் வந்த அம்மாவிடம் முதலில் தேடுவது முகத்தைத்தான்.

பிள்ளை கையில் செல்லைக் கொடுத்துவிட்டு வேலை பார்ப்பதும் நடக்கிறது. பாடுபட்டு வந்த உடம்பு, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு பயிற்சி. உங்கள் செல்லில் 'செட்டிங்ஸ்' திறந்து 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற இடத்தைப் பாருங்கள். எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் என்று அதுவே காட்டும். ஏழு நாள், படுக்கப்போகும் முன் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, அன்றைக்கு வீட்டில் யாரோடு நின்று நிதானமாகப் பேசினீர்கள் என்றும் எழுதுங்கள். எட்டாம் நாள் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரை எல்லோருடைய செல்லும் அலமாரியில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் அந்த நேரத்தில்தான் பேசுவான் என்றால், ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் பேசுங்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. தூங்கும்போது சார்ஜர் தலைமாட்டில் இல்லாமல் அடுப்படியில் இருந்தால் இன்னும் நல்லது.

வயதானவர்களுக்கு இணைய வேலை செய்து கொடுக்கும்போது ஓடிபி எண்ணை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். என்ன பதிவு செய்கிறோம், ஏன் அந்த எண் வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். அப்படிப் பழகியவர்தான் நாளைக்கு ஏமாற்றுப் பேர்வழி போனில் ஓடிபி கேட்டால் சந்தேகப்படுவார்.

பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள். செல்லை விட முடியவில்லை, தூக்கம் கெடுகிறது, யாருடனும் பேசப் பிடிக்கவில்லை என்றால் 14416. இது 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098, மூத்த குடிமக்களுக்கு 14567. இந்த நான்கு எண்ணையும் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பட்டன் செல் வைத்திருப்பவர்களும் பார்த்து அழுத்திக்கொள்ளலாம்.