கால் நகம் சதைக்குள் வளர்ந்தால்...

ஊரில் செருப்போடு உலவிய கால்கள், தில்லிக் குளிரில் மாதக்கணக்கில் ஷூவுக்குள் அடைபடுகின்றன. முனை குறுகிய ஷூ கட்டைவிரலை நெருக்கும். நகத்தை ஓரத்தில் வளைத்து ஆழமாக வெட்டும் பழக்கமும் சேர்ந்தால், நகத்தின் ஓரம் பக்கத்துச் சதைக்குள் குத்தி வளரத் தொடங்கும். இதை வெறும் நகச்சுற்று என்று எண்ணி எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. நிலைக்கேற்ற சிகிச்சை தேவை.

முதல் நிலை: ஓரம் சிவந்து, சற்று வீங்கி, அழுத்தினால் வலிக்கும், சீழ் இராது. தினம் இரண்டு மூன்று முறை, 15 நிமிடம் இளஞ்சூடான நீரில் காலை வைத்திருந்து, ஈரம் போகத் துடைக்கவும். நகம் இளகியதும் அதன் ஓரத்துக்கு அடியில் சிறு பஞ்சுத் திரியை மெதுவாக வைத்து, தினமும் மாற்றவும். முன்பக்கம் திறந்த செருப்பே அணியவும். ரயில்வேயில் மஞ்சள் விளக்கைக் கண்டால், அடுத்தது சிவப்பாக இருக்கலாம் என்று வேகத்தைக் குறைப்போம். இதுவும் அப்படித்தான். சில நாட்களில் குறையாவிட்டால் டாக்டரிடம் செல்க.

இரண்டாம் நிலை: வீக்கமும் வலியும் கூடி, சீழ் கசியும். இனி வீட்டு வைத்தியம் வேண்டாம். பிளேடால் மூலையைத் தோண்டினால், உள்ளே தங்கும் நகத் துணுக்கு இன்னும் ஆழமாகக் குத்தும். மாத்திரை மட்டும் விழுங்குவதும் போதாது. குத்தும் நகத்தைச் சரிசெய்யாமல் புண் ஆறாது.

மூன்றாம் நிலை: புண்ணில் சிவந்த சதை வளர்ந்து நகத்தின்மேல் படரும், தொட்டாலே ரத்தம் வரும். டாக்டர் விரலை மரக்கச் செய்யும் ஊசி போட்டு, நகத்தின் அந்த ஓரத்தை மட்டும் நீக்குவார். அங்குள்ள நக வேருக்குப் பீனால் மருந்து இட்டால், பெரும்பாலும் அந்த ஓரம் மீண்டும் வளராது. அன்றே வீடு திரும்பலாம். முழு நகத்தையும் எடுத்தால், அது மீண்டும் வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும்; தொல்லையும் திரும்பக்கூடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நிலைக் கணக்கு பொருந்தாது. முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர் சுடுவதே தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் சிறு புண்ணும் விரலையே இழக்கும்வரை போகலாம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர், பிள்ளைகளுக்குத் தொல்லை தரக்கூடாதென்று வலியைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் பாதங்களை நீங்களே பாருங்கள்.

வருமுன் காப்பது எளிது. குளித்தபின் நகத்தை நேராக வெட்டுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள். பிள்ளைகளின் பள்ளி ஷூ விரலை இறுக்குகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.