முதலும் ஆதாயமும்

"வணிகம் முதலாளிகளுக்கு உரியது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணுவதுண்டு. நம் வரலாறோ வேறு பாடம் சொல்கிறது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் அந்நியர் பலர் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். பால்மரம் வெட்டிய தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அப்போது அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைச் சேர்த்தார். நூறு வெள்ளிப் பங்குக்கு முதலில் பத்து வெள்ளி செலுத்தினால் போதும். அவ்வாறு சேர்ந்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம். கூலி பெற்றவர்கள் பங்குதாரர்கள் ஆயினர்.

இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரிலும், 1844இல், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் சிறுகச் சேமித்து ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலியவையே அவர்கள் சரக்கு. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அச்சிறு கடை வழிகாட்டியது.

சேமிப்போடு கணக்கும் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் விற்பதற்காக முறுக்குச் சுடுகிறோம். மாவு, எண்ணெய், எரிவாயு, பை ஆகியவற்றுக்கு 24 வெள்ளி செலவு. 40 பொட்டலங்கள் கிடைத்தன. ஒன்றின் அடக்கவிலை 60 காசு. விற்பனை விலை ஒரு வெள்ளி. யாவும் விற்றால் ஆதாயம் 16 வெள்ளி. ஆனால் விற்றவை 30 மட்டுமே. ஆதாயம் 6 வெள்ளியாகக் குறைந்தது. அவற்றுள் ஐந்தை நண்பர்கள் கடனாகப் பெற்றனர். ஆகவே கையில் மிஞ்சியது ஒரே வெள்ளி!

இன்னும் ஒன்றை மறந்துவிட்டோம். அம்மா அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்றார். அவ்வுழைப்பை மணிக்கு இரண்டு வெள்ளி என மிகக் குறைவாக மதித்தாலும் 6 வெள்ளி ஆகிறது. கடன் முழுவதும் திரும்பி வந்தாலும் ஆதாயம் என்று ஒன்றும் இல்லை. வீட்டார் உழைப்பைக் கணக்கில் எழுதாத வணிகம் நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

இத்தகைய நுணுக்கங்களை ஏட்டில் மட்டும் கற்றல் அரிது. கெர்லிங்கிலும் கோலகுபு பாருவிலும் மளிகைக் கடைக்காரரும் தையற்காரரும் காய்கறி வியாபாரியும் அன்றாடம் இக்கணக்கைப் போடுகின்றனர். எவ்வளவு சரக்கு வாங்குவது, அழுகும் பொருளை எப்போது விலை குறைத்து விற்பது, கடன் கேட்போரிடம் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்பன அவர்கள் பட்டறிந்தவை. அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, மாதம் ஒரு மணி நேரம் பேசச் செய்வோமானால் மாணவர்க்கு அதனினும் சிறந்த பாடம் வேறில்லை. பெற்றோரும் உடன் அமர்ந்து கேட்கலாம்.

எல்லாரும் கடை வைக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. எத்தொழில் செய்யினும் வரவும் செலவும் அறிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

பயிற்சி:
1. மேற்கூறிய கணக்கில், ஒரு பொட்டலத்தை 80 காசுக்கு விற்று நாற்பதும் விலைபோனால், அம்மாவின் உழைப்பு நீங்கலாக ஆதாயம் எவ்வளவு?
2. உம் வீட்டின் ஒரு வார வரவு செலவைப் பெற்றோர் துணையுடன் எழுதுக.
3. அருகிலுள்ள கடைக்காரர் ஒருவரைக் கண்டு, அவர் தொடக்கத்தில் செய்த தவறு ஒன்றைக் கேட்டறிந்து வருக.