நம் நிறமும் கேமராவின் கண்ணும்

சென்ற பொங்கல் விழாவன்று சங்கக் கூடத்தில் எடுத்த படங்களை என் பேத்தி செல்போனில் காட்டினாள். கோலத்தின் முன்னே அவள் நிற்கும் படத்தில் முகம் மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. "இது யாரம்மா?" என்றேன். "நான்தான் தாத்தா! ஃபில்டர் போட்டிருக்கேன். இல்லேன்னா கறுப்பா வருது" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை என்னை 1986-க்கு இழுத்துச் சென்றது. என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஸ்டுடியோக்காரர் 'டச்சப்' செய்து அவளை நல்ல சிவப்பாக்கிக் கொடுத்தார். பெண் பார்க்க வந்த அம்மாள் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "போட்டோவில இருந்த பொண்ணு எங்கே?" என்று கேட்டார். காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள், அதன்பின் பல வருடங்கள் கேமரா முன் நிற்கவில்லை. பொய் சொன்னது படம், தண்டனை அவளுக்கு.

ஒரு படத்தில் நிறம் எப்படி உண்டாகிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் இந்தத் தண்டனை தொடராது என்பதால் இதை எழுதுகிறேன்.

விளக்கும் கண்ணாடியும்

ரயில்வேயில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல சிறு நிலையங்களில் கைகாட்டிகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். பகலில் பார்த்தால் அதன் பச்சைக் கண்ணாடி நீலமாகத் தெரியும். காரணம், மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அதில் நீலம் மிகக் குறைவு. சாதாரணப் பச்சைக் கண்ணாடி வைத்தால் ஒளி மஞ்சள் கலந்து வரும். நீலம் சேர்ந்த கண்ணாடி வைத்தால்தான் டிரைவருக்குத் தெளிவான பச்சை கிடைக்கும். ஆக, நிறம் பொருளிடம் மட்டும் இல்லை. விழும் ஒளியும் பார்க்கும் கருவியும் சேர்ந்து உண்டாக்குவது அது.

ஒளியின் தன்மையைக் கெல்வினில் அளப்பார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1,900, குண்டு பல்பு 2,700, நடுப்பகல் வெயில் 5,500. ஒரே முகம் இந்த மூன்றிலும் மூன்று நிறமாகப் பதிவாகும்.

கேமரா போடும் கணக்கு

கேமராவுக்கு முகம் எது, சுவர் எது என்று இயல்பாகத் தெரியாது. எதிரே உள்ளதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே அதன் ஒளிமானி கணக்குப் போடும். மாநிறப் பிள்ளையை வெள்ளைச் சுவர் முன் நிறுத்தினால், அது சுவரின் பிரகாசத்தைக் குறைக்கப் பார்க்கும். முகமும் சேர்ந்து இருண்டுவிடும். குற்றம் கணக்கில், தோலில் இல்லை.

பிலிம் காலத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. பிரிண்டில் வண்ணம் சரியா என்று பார்க்க லேபுகளில் 'ஷெர்லி அட்டை' என்ற மாதிரிப் படம் வைத்திருப்பார்கள். அதில் இருந்தவர் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்தான். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது வழக்கம். கறுத்த முகங்களின் நுட்பமான சாயல்கள் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை.

ரகுபீர் சிங்

இத்தனைக்கும் நடுவே நம் நிறங்களை உள்ளபடி காட்டியவர் ரகுபீர் சிங். 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-இல் நியூயார்க்கில் மறைந்தவர். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பெரியவர்கள் சொல்லிவந்த 1960-களிலேயே கோடாக்ரோம் வண்ணச் சுருளைக் கையில் எடுத்தார். வண்ணம் இந்தியப் பார்வைக்கு மேற்பூச்சு அல்ல, அதன் ஆதாரமே என்பது அவர் வாதம். கங்கை, ராஜஸ்தான், பம்பாய் என்று நூல்கள் வெளியிட்டவர், தமிழ்நாட்டைப் பற்றியும் ஒன்று வெளியிட்டார்.

1967-இல் பீகாரின் முங்கேரில் அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. கொட்டும் மழையில் சில பெண்கள் ஒருவரோடொருவர் ஒண்டி நிற்கிறார்கள். வெயில் இல்லை, பிளாஷ் இல்லை. மேகம் சல்லடையாகி ஒளியைச் சமமாக இறக்குகிறது. யாரையும் வெளுக்க வைக்காமலே அந்தப் படம் அழகாக இருக்கிறது.

வீட்டில் ஒரு பாடம்

பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் நேர் வெயில் விழாத ஜன்னலோரம் ஒருவரை உட்கார வையுங்கள். முகத்தின் ஒரு பக்கம் ஜன்னலை நோக்கி இருக்கட்டும். டியூப்லைட்டையும் பிளாஷையும் அணைத்துவிடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம். அடர்நிறத் திரை போதும். செல்போன் திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டு, அங்கே ஒளியைச் சரிபார்க்கச் செய்யுங்கள். அதே இடத்தில் பிளாஷ் போட்டு இன்னொரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பிளாஷ் நெற்றியைப் பளபளக்க வைத்து முகத்தைத் தட்டையாக்கும். ஜன்னல் ஒளி கன்னம், மூக்கு, தாடை எல்லாவற்றுக்கும் வடிவம் தரும்.

பேத்தியை அப்படித்தான் எடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "மூக்கு அப்படியே அத்தைப் பாட்டி மாதிரி இருக்கே தாத்தா!" என்றாள். ஃபில்டர் போட்ட படத்தில் அந்த மூக்கைக் காணவில்லை. படத்தை அன்றே என் தங்கைக்கு அனுப்பினோம்.

ஊரை விட்டு வந்த நமக்கு, முன்னோரிடமிருந்து பத்திரமாக வந்து சேர்ந்த சொத்துகளில் முகமும் ஒன்று. அடுத்த பொங்கலுக்கு எடுக்கும் படங்களில் அது அப்படியே இருக்கட்டும்.